தூத்துக்குடிக்குக் கொண்டுபோன முந்திரிகைப் பாணி

இராமேசுவரத்தில் சுங்க மேசையில் என் பையைத் திறந்தபோது மேலே கிடந்தது செபமாலை. அதற்குக் கீழே போத்தல். அதிகாரி செபமாலையை மரியாதையாக ஒரு பக்கம் எடுத்து வைத்தார். போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, என்ன இது?"

"முந்திரிகைப் பாணி, ஐயா."

"முந்திரியா? முந்திரிப்பழத்துல இறக்குனதா? இங்க மதுவிலக்கு இருக்கு, தெரியுமில்ல?"

"இது வெறிக்கிற சாமானில்லை ஐயா. பாணோடை தொட்டுச் சாப்பிடுறது. வயித்துப்பிள்ளைக்காரி என்ரை மகள். அவளுக்குக் கொண்டுபோறன்."

நான் சொன்னதில் பாதிதான் அவருக்கு விளங்கியிருக்கும். தக்கையைத் திருகி முகர்ந்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். உடனே முகம் மாறிவிட்டது. "கருப்பட்டிப் பாகு கணக்கா இருக்கே! போங்க, போங்க" என்று தம் கையாலேயே தக்கையை அழுத்தி மூடித் தந்தார். முந்திரி என்றதும் அவருக்கு ஏன் சாராயத்தின் நினைப்பு வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இந்தப் பயணத்தில் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்திருக்கும்.

நான் யாழ்ப்பாணத்து இளவாலைக்காரன். முந்திரிகைத் தோட்டம் செய்பவன். இந்தியாவில் திராட்சை என்கிறார்களே, அதைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம். எங்கள் நாட்டில் இப்போது சீனிக்குப் பஞ்சம். கூப்பனுக்கு அளந்து தருகிற சீனி கைக்குழந்தையின் பாலுக்கே காணாது. எங்கள் பங்குக் கோயிலில் நெடுங்காலம் இருந்த பிரெஞ்சுச் சுவாமியார் ஒருநாள் பந்தலின் கீழ் நின்று, தம் ஊரில் இந்தப் பழச்சாற்றைக் காய்ச்சிப் பாணியாக்கிச் சீனிக்குப் பதிலாக வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னார். என் மனைவி பனங்கட்டி காய்ச்சிப் பழகியவள். அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கும் பாணுக்கும் புட்டுக்கும் முந்திரிகைப் பாணிதான்.

எங்கள் ஒரே மகள் றெஜினாவைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகன் சூசை தோணித் தொழிலாளி. காங்கேசன்துறைக்கு வந்து போன காலத்தில் எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வருவார். நல்ல பிள்ளை என்று கண்டுதான் கொடுத்தோம். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் கொடுத்தால், பிள்ளை தும்மினாலும் நமக்குக் கேட்காது. போன வருடம் அவளுக்கு முதற் கரு தங்கவில்லை. இந்த முறை தங்கியது. ஆனால் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இப்படியே போனால் தாயும் தாங்காது, பிள்ளையும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கொழும்புக்குத் தோணியில் வந்த சூசையின் கூட்டாளிதான் இதைச் சொல்லியனுப்பினார். "அம்மா காய்ச்சிற முந்திரிகைப் பாணி எண்டால் வயித்திலை நிக்கும்" என்று பிள்ளை சொன்னாளாம்.

மனைவிக்குப் பாஸ்போட் இல்லை. எனக்கு இருந்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு அவள் அவதி அவதியாய், அவசரத்தில் ஒரு தாச்சிச் சட்டி நிறையக் காய்ச்சி, ஒரு பெரிய போத்தலில் நிரப்பித் தந்தாள். நான் கப்பலேறினேன்.

கடலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தேன்.

இராமேசுவரத்தில் ஒரு கடையில் தேநீர் கேட்டேன். கடைக்காரர் கிளாசில் ஒரு கரண்டி சீனி போட்டார். இன்னொரு கரண்டியும் போட்டார். என்னையறியாமல் கையால் கிளாசை மூடிவிட்டேன்.

"ஏன் ஐயா, சர்க்கரை வியாதியா?"

"இல்லைத் தம்பி. எங்கட ஊரிலை இது ஒரு வீட்டுக்குக் காணும்."

"அப்ப அந்த வீட்டுக்கும் சேத்துக் குடிங்க" என்று என் கையை விலக்கி மூன்றாவது கரண்டியும் போட்டார். அவ்வளவு இனிப்பை நாக்கு மறந்து போயிருந்தது. குடித்து முடித்தபோது கண் கலங்கிவிட்டது. வெட்கத்தில் கடற்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் இராமநாதபுரத்திலிருந்து பஸ். பழைய பஸ். நல்ல சன நெரிசல். கண்டக்டர் என் வயதைப் பார்த்து இரங்கி, பையை வாங்கி முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியின்மேல் வைத்தார். அந்த மூடி அடுப்புப் போலச் சுடும் என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். எனக்குத் தெரியாத விஷயம். வழிநெடுகப் பனங்காடு. வேம்பாருக்கு இந்தப் பக்கம் என்ஜின் கொதித்து வண்டி நின்றது. டிரைவர் தண்ணீருக்குப் போனார். ஆண்கள் பலர் இறங்கிப் பனை நிழலில் நின்றார்கள். அப்போதுதான் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

"ஏலே, டயரு வெடிச்சிட்டு!"

டயர் வெடிக்கவில்லை. தக்கை பறந்து கூரையில் அடித்திருந்தது. கறுத்த நுரை பையைவிட்டுப் பொங்கி, என்ஜின் மூடியில் வழிந்து, முன் ஆசனத்தில் இருந்தவரின் வெள்ளை வேட்டியெல்லாம் தெறித்திருந்தது. சூடு பட்ட பாணி புளித்துப் பொங்கி, பஸ் முழுவதும் ஒரு வாசனை.

"யோவ், சரக்குய்யா! பெரியவரு செபமாலைக்கு அடியில சரக்கு கொண்டாந்திருக்காரு!"

"நல்லவேளை அண்ணாச்சி" என்றார் கண்டக்டர், வாயில் துணியை வைத்துச் சிரித்துக்கொண்டே. "போலீஸ் ஸ்டேசன் வாசல்ல வெடிச்சிருந்தா நீங்க உள்ள, நான் உங்களுக்குத் தொணை."

வேட்டி நாறிப்போனவர்தான் கோபிக்க வேண்டியவர். அவர் கோபிக்கவில்லை. வேட்டியில் பட்டதை விரலால் வழித்து நக்கிப் பார்த்தார். "ஏலே, சாராயமில்லலே. கூப்பனி மாதிரில்லா இருக்கு" என்றார். பதநீர் காய்ந்து கருப்பட்டியாக இறுகுமுன் இருக்கிற பாகுக்கு அங்கே அந்தப் பெயர். "இளக்கமா இறக்கிட்டிய அண்ணாச்சி. கூப்பனியும் அவசரப்பட்டு இறக்குனா இப்பிடித்தான் நொரைக்கும். வீட்டுல அடுப்பைச் சீக்கிரம் அணைச்சிட்டாகளோ?"

என் மனைவியின் அவசரம் இந்த மனிதருக்கு ஒரு சொட்டிலேயே தெரிந்துவிட்டது. போத்தலின் அடியில் மிஞ்சியதும் புளித்துப்போயிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்க முடியாது. அதைப் பனை மூட்டில் ஊற்றிவிட்டு வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டேன்.

தூத்துக்குடி கிட்ட வர, பாதைக்கு இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். "எவ்வளவு சீனி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஒரு கரண்டி அள்ளி டீயில போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றார் கண்டக்டர். பஸ் குலுங்கிச் சிரித்தது. உப்பளமாம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனதுக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையைச் சம்பந்தி வீட்டார் சரியாகப் பார்க்கிறார்களோ இல்லையோ. பார்த்திருந்தால் இப்படி மெலிவாளா? வாசலில் நின்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று இரண்டு மூன்று கடும் சொற்களையும் தயார் செய்து வைத்திருந்தேன்.

மாதாவின் பெரியகோயிலுக்குப் பின்னால், கடற்கரைப் பக்கமாக ஒரு சந்தில் அவர்கள் வீடு. சூசையின் தாய் அந்தோணியம்மாள் வாசலிலேயே நின்றார். கணவரை இழந்தவர். அவர் கணவர் முத்தும் சங்கும் குளித்தவர்.

"மாதாவே, வந்துட்டாக! வாங்க சம்மந்தி. ஏலே சூசை, பையை வாங்குலே! என்ன சம்மந்தி, சட்டையெல்லாம் கறை? யாரு மேலயும் இடிச்சுட்டியளா?"

பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று வைத்துக்கொண்டேன். நேரே உள்ளே போனேன்.

றெஜினா கட்டிலில் கிடந்தாள். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. தலைமாட்டில் ஒரு தட்டு. கட்டிலடியில், நீலக் கரை போட்ட ஒரு வெள்ளைப் பேசின். அது எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஐயா... பாணி கொண்டந்தனீங்களோ?"

வெறும் போத்தலைக் காட்டினேன். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். "பறவாயில்லை ஐயா. நீங்கள் வந்ததே போதும்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். எந்தத் தகப்பனுக்கும் அந்த முதுகைப் பார்க்க வரக்கூடாது.

அந்தோணியம்மாள் பின்னாலேயே வந்து நின்று பொருமினார். "என்னத்தக் குடுத்தாலும் நிக்க மாட்டேங்கு சம்மந்தி. கஞ்சி நிக்கல, இடியாப்பம் நிக்கல. தூக்கத்துலயும் முந்திரி முந்திரின்னுதான் கேக்கா. நானும் மக்ரூன் போடுத பேக்கரியில சொல்லி வச்சு, ஒடையாத கொட்டையாப் பொறுக்கிப் பொறுக்கி வாங்கியாரேன். நெய்யில வறுத்துக் குடுத்தேன். அரைச்சுப் பால்ல குடுத்தேன். ஒருநாளு 'பழம் மாமி, பழம்'னா. ஒடனே இவனை உடங்குடிப் பக்கம் வெரட்டி, தேரிக்காட்டுலருந்து பழமும் பறிச்சாரச் சொன்னேன். தின்னதும் பிள்ளைக்குத் தொண்டை கமறி, கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி. முந்திரிப்பழம்னா கமறத்தான செய்யும்?"

அப்போதுதான் தலைமாட்டுத் தட்டைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, ஒன்றுகூட உடையாத முழுக் கொட்டைகள்.

"சம்பந்தியம்மா, இது கஜுக்கொட்டை அல்லோ?"

"முந்திரிக்கொட்டை."

"எங்கட ஊரிலை முந்திரிகை எண்டால் திராட்சைப்பழம்!"

சூசை எங்கள் வீட்டில் பாணி சாப்பிட்டவர்தான். ஆனால் நாங்கள் பாணி என்று மட்டுமே சொல்லிக் கொடுத்திருந்தோம். அது பனையில் காய்ச்சியது என்றே அவர் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார்.

அந்தோணியம்மாள் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். "முந்திரிகைப்பழ ரசம்! அட என் மாதாவே! ஞானோபதேசத்துல சின்னப் பிள்ளையில எத்தனை தடவை ஒப்பிச்சிருப்பேன்! பூசையில பாத்திரத்துல ஊத்துதாகளே, அது தெராச்சைதானே! வாயில இருந்தது மண்டைக்கு ஏறலியே! ஏளா றெஜினா, தெராச்சைன்னு ஒத்தைச் சொல்லு சொல்லப்படாதா? கொட்டை கொட்டையாத் திங்க வச்சிட்டேனே உன்னை!"

பிள்ளை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமிக்கு விளங்கேல்லை எண்டு எனக்கு விளங்கினது பிந்தித்தான் ஐயா. அதுக்கிடையிலை மாமி வெயிலுக்குள்ளை நடந்து நடந்து... ஒண்டொண்டாப் பொறுக்கிக் கொண்டந்து தாறவவுக்கு, நான் கேட்டது இது இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அந்த இடத்திலேயே எனக்கு ஒரு பாரம் இறங்கிவிட்டது. பிள்ளை இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆனாலும் அவள் எந்தக் கையில் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. தயார் செய்து வைத்திருந்த கடும் சொற்களை நான் யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த நாள் விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு, சூசையும் நானும் சந்தைக்குப் போனோம். கறுத்த, விதையுள்ள பன்னீர்த் திராட்சை கூடை கூடையாக வந்திருந்தது. எங்கள் பந்தலில் காய்ப்பதைவிடச் சிறியது. புளிப்பும் கூட.

"இம்புட்டுமா? கலியாண வீடா?" என்றார் பழக்கடைக்காரர்.

"இல்லண்ணாச்சி. எங்க வீட்டுல மாசமா இருக்கா" என்றார் சூசை.

"மாசமா இருந்தா மாங்கா வாங்கிட்டுப் போலே. கூடையோட தெராச்சை கேக்குத மாசத்தை இப்பத்தான் பாக்கேன்."

பழத்தைக் கழுவி, காம்பு ஆய்ந்து, கையால் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடித்தோம். இனித்தான் ஒரு சிக்கல். சாற்றின் புளிப்பை எடுக்காமல் காய்ச்சினால், வற்ற வற்றப் பாணியும் புளிக்கும். எங்கள் ஊரில் நிலத்தைத் தோண்டினால் வெள்ளைக் கல். அதை இடித்த பொடியில் ஒரு சிட்டிகை போடுவோம். இங்கே தோண்டினால் மணல். முற்றத்தில் நின்று யோசித்தபோது, மல்லிகைச் செடியைச் சுற்றி வரம்பாக அடுக்கியிருந்த முத்துச் சிப்பிகள் கண்ணில் பட்டன. முத்துக் குளிப்பு நின்று வருடங்களாகிவிட்டன. கடைசியாகக் குளித்த காலத்தில் காலஞ்சென்ற சம்பந்தி கொண்டுவந்து போட்டவையாம்.

"சுண்ணாம்புக் கல்லும் சிப்பியும் ஒண்டுதானே" என்றேன்.

"இந்தக் குப்பையை எதுக்கு வச்சிருக்கியன்னு எங்க வீட்டுக்காரரை நான் ஏசாத நாளில்லை" என்றார் அந்தோணியம்மாள். "எடுங்க சம்மந்தி. பேரப்பிள்ளைக்குத்தானே."

சூசை சிப்பிகளைத் தேய்த்துக் கழுவி, அவித்து, காயவைத்து, உரலில் மாவாக இடித்துத் துணியில் சலித்தார். சாற்றை இளஞ்சூடாக்கி அந்தப் பொடியைத் தூவினேன். சளசளவென்று நுரை பொங்கிப் பானை வாய்வரை ஏறியது. அந்தோணியம்மாள் துள்ளிப் பின்னால் போனார். "ஏலே, சோடா கணக்கால்லா பொங்குது! இதுவும் வெடிக்குமோ?"

வெடிக்கவில்லை. நுரை அடங்கி, பொடி அடியில் தங்கியது. மேலே தெளிந்ததை மெதுவாக இறுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு ஓடிவிட்டது. தெளிவை அகலப் பாத்திரத்தில் ஊற்றிப் பனைமட்டை அடுப்பில் ஏற்றினோம். அழுக்கு மிதக்க மிதக்க வழித்து ஊற்றினோம். சிவப்பு, மண் நிறமாகி, பிறகு கறுத்தது. வாசனை தெருவரை போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து "என்னக்கா, இந்த நேரத்துல கருப்பட்டி காச்சுதிய?" என்று ஒரு குரல் வந்தது.

"போதும் சம்மந்தி, இறக்குங்க. பிள்ளை பசியோட கிடக்கா" என்று அந்தோணியம்மாள் அந்தரப்பட்டார்.

எனக்கும் அந்தரம்தான். ஆனால் பஸ்ஸில் வேட்டியை நக்கிப் பார்த்தவரின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. "பொறுங்கோ சம்பந்தியம்மா. இளக்கமா இறக்கினால் கூரைக்குப் பறக்கும்" என்றேன். தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சரித்தேன். ஓடியது. மறுபடியும் காய்ச்சினேன். ஓடியது. கடைசியில் ஒரு சொட்டு விழுந்த இடத்திலேயே குந்திக்கொண்டு நின்றது. சிலுவை போட்டு இறக்கினேன். பானை நிறைய இருந்த சாறு சட்டியின் அடியில் போய் நின்றது.

சூசை பேக்கரியிலிருந்து சூடாக ரொட்டி வாங்கி வந்தார். நாங்கள் பாண் என்பதை அங்கே ரொட்டி என்கிறார்கள். ஒரு சிறு துண்டில் பாணியைத் தோய்த்துக் கொடுத்தேன். றெஜினா முதலில் மணந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள்.

"அம்மாவின்ரை போலையே கிடக்கு."

அவள் விழுங்கினாள். பேசினை யாரும் எட்டி எடுக்கவில்லை. ஆனால் மூவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தோணியம்மாள் செபமாலையை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் என்ரை வாயையே பாத்துக்கொண்டிருந்தால் எப்பிடி மாமி?"

"நான் உன் வாயையா பாக்கேன்? மாதாவைல்லா பாக்கேன்" என்றார் அவர், பேசினிலிருந்து கண்ணை எடுக்காமலே.

செபமாலையின் முதற் பத்து மணி, முதல் காரணிக்கம், முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது காரணிக்கத்தின் நடுவே பிள்ளை எழும்பி உட்கார்ந்து, "ஐயா, இன்னொரு துண்டு கிடக்கோ?" என்று கேட்டாள். அந்தோணியம்மாள் செபத்தை நிறுத்தாமலே ரொட்டியை எடுத்து நீட்டினார். நான் முற்றத்துக்குப் போய், பெரியகோயில் கோபுரம் தெரிகிற பக்கமாகத் திரும்பி நின்றேன். நன்றி, நன்றி என்று அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். காய்ச்சியது நாங்கள். வயிற்றில் நிற்கவைத்தது மாதாதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று இறங்கத் தொடங்கியது. பாணி ஊற்றிய ஆப்பம் நின்றது. பாணியும் தேங்காய்ப்பூவும் போட்ட புட்டு நின்றது. பின்பு பாணி இல்லாமலே கஞ்சி நின்றது. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, இனிப் பயப்பட வேண்டாம் என்றார். அந்தோணியம்மாளுக்குப் பாணிமேல் வந்த பக்தியைத்தான் அடக்க முடியவில்லை. தேநீரில் ஊற்றினார், பழையதில் ஊற்றினார், மீன் குழம்பிலும் ஊற்றப் போனவரைச் சூசை கையைப் பிடித்துத் தடுத்தார். சீனி மலிந்த ஊரில் சீனி டப்பா மூடியபடி கிடந்தது. இதை எங்கள் ஊரில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நான் புறப்பட இருந்த அன்று, அடுத்த சட்டியைத் தாமே காய்ச்சப் போவதாகச் சொல்லி அந்தோணியம்மாள் தனியே சந்தைக்குப் போனார். திரும்பி வரும்போது சந்து முனையிலிருந்தே அவர் குரல் கேட்டது.

"முந்திரிகை குடுன்னு கேக்கேன் சம்மந்தி. 'பலசரக்குக் கடையில போய்க் கேளுங்க ஆச்சி'ங்கான் அந்தப் பழக்கடைக்காரன்! கண்ணு முன்னால கொலை கொலையாத் தொங்குது, இல்லைங்கான்! நான் கையை நீட்டிக் காட்டுதேன், 'இது தெராச்சை'ன்னு எனக்கே பாடம் சொல்லுதான்! தமிழ் தெரியாத பய!"

சூசை சுவரில் சாய்ந்துவிட்டார். கட்டிலில் றெஜினா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குலுங்கினாள். வாந்திதான் என்று பதறி, கட்டிலடியில் கையை விட்டுப் பேசினைத் தேடினேன். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேசின் முற்றத்தில் இருந்தது. அந்தோணியம்மாள் இன்னும் பழக்கடைக்காரனை ஏசிக்கொண்டே, அதில் பழத்தைக் கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தார்.